இடைவெளி இல்லாத சுவர்

காலை ஒன்பதரை மணிக்கு மகளின் கையில் ஓர் அட்டை மிஞ்சியது.

கண்காட்சிக் கூடத்தின் நான்கு சுவர்களிலும் டிசைனரான அவளுடைய அம்மாவின் வாழ்நாள் வேலை தொங்கியது. சோப்பு உறைகள், புத்தக மேலட்டைகள், மருந்துப் பெட்டிகள், கடைப் பலகைகள். ஒவ்வொரு படத்துக்கும் உரிய பெயரட்டையைத் தேடியெடுத்து, கீழே ஒட்டிக்கொண்டே வந்தாள் மகள். பேருந்து லோகோவுக்காக அம்மா செய்த படங்கள் தொங்கிய பேருந்துச் சுவரோடு வேலை முடிந்தது. அட்டை முடியவில்லை.

'முதல் கோடு. தாளில் பென்சில்.'

ஒன்றைக் கூடுதலாக அச்சடித்துவிட்டோமோ என்று நினைத்தாள். சுவரில் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. மேலே ஓடிய கம்பியிலிருந்து கொக்கிகளில் தொங்கிய சட்டங்கள் ஒரே சீராக நின்றன. நடுவில் வெற்றிடம் இல்லை, காலிக் கொக்கி இல்லை. பிறகுதான் நினைவு வந்தது. இதே சுவரின் நடுவில், உள்ளங்கை அகலத் தாள் ஒன்றைச் சின்னச் சட்டத்தில் போட்டு அவளே மாட்டியிருந்தாள்.

"அம்மா, முதல் கோடு எங்க?"

வாசலில் பூச்சாடியை நகர்த்திக்கொண்டிருந்த டிசைனர் திரும்பினாள். பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கூடத்தின் மேனேஜர் ஓடி வந்துவிட்டார்.

"ஐயோ, அதுவா! சாயங்காலம் அதைத்தானே பஸ் கம்பெனி சேர்மன் கையில குடுக்கப்போறோம்! போச்சு, என் மானமே போச்சு!"

அவர் போலீசுக்குப் போன் செய்துகொண்டே ஓடினார். டிசைனர் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

*

பத்தரை மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தாள். காணாமல் போனது ஒரு தாள் என்றதும் முதலில் சலிப்புதான் வந்தது. எந்தத் தாள் என்று தெரிந்ததும் சலிப்பு போய்விட்டது. ஜீப் கிடைப்பதற்கு முன் எத்தனையோ வருடங்கள் அவள் பேருந்தில்தான் வேலைக்குப் போனாள். நெரிசலில் தூரத்துப் பலகை தெரியாது. ஆனால் பேருந்தின் நெற்றியில் இருக்கும் அந்த லோகோ தெரியும். ஒரே கோடு. புறப்பட்டு, போய், வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். அதைப் பார்த்தால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றும்.

அந்தக் கோடு பிறந்த கதையும் அவளுக்குத் தெரியும். எத்தனையோ பேட்டிகளில் வந்த கதை. டிசைனரின் மூன்று வயது மகள் தரையில் உட்கார்ந்து ஒரு நூலை வைத்து விளையாடினாள். நூல் கைநழுவி விழுந்து வளைந்து கிடந்தது. அம்மா பார்த்தாள். பென்சிலை எடுத்தாள்.

"அந்தக் குழந்தை நீங்கதானா?" என்று மகளைக் கேட்டாள்.

"நான்தான்." அந்தக் கவலையிலும் மகளின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "ஸ்கூல்ல என் பேரே 'பஸ் நூல்'தான். அந்தத் தாளை நான் பார்த்ததே போன மாசம்தான். பழைய பைல்ல அடியில கிடந்துச்சு. அம்மாகிட்ட சொல்லாமலே சட்டம் போட்டு மாட்டினேன், நேத்து இங்க வந்து பார்க்கட்டும்னு."

"பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க. ஒண்ணுமே பேசல. அழுதுட்டாங்கன்னு நினைக்கிறேன்."

"நேத்து கடைசியா இங்க யார் யார் இருந்தீங்க?"

"நான், அம்மா, மேனேஜர். அப்புறம்..." அவள் தயங்கினாள். "ஸ்கேல் மாமா."

"யாரு?"

"அம்மாவோட பழைய பார்ட்னர். எதை எடுத்தாலும் ஸ்கேல் வெச்சு அளப்பாரு, அதான் அந்தப் பேரு. அம்மா எதையும் அளக்க மாட்டாங்க, அதனால அவங்களுக்கு 'கண்ணளவு'. ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்ல இருந்தாங்க. பஸ் வேலைக்கு அப்புறம் அவர் விலகிட்டாரு. அம்மாவுக்குப் பேர் வந்தது அவருக்குப் பொறுக்கலன்னு எல்லாரும் சொல்வாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

மகள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நேத்து அவர் அந்தப் படத்துக்கு முன்னாடியே நின்னாரு, மேடம். நான் பெட்டிகளை ஒதுங்க வைக்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன். திரும்பி வரும்போதும் அங்கயேதான் நின்னுட்டிருந்தாரு. கிளம்பும்போது கையில ஒரு சார்ட் குழாய்."

வாட்ச்மேனும் குழாயை உறுதி செய்தார். "வரும்போதும் இருந்துச்சுங்க, போகும்போதும் இருந்துச்சுங்க. மூடியைத் திறந்து பார்க்கல. பெரிய மனுஷன்கிட்ட எப்படிங்க கேக்குறது?"

"மத்தவங்க?"

"மேனேஜர் போன் பேசிக்கிட்டே போனாரு. அவர் எப்பவும் அப்படித்தான், தூக்கத்துலயும் பேசுவாரு போல. டிசைனர் மேடமோட பாப்பா காரை எடுக்க முன்னாடியே வெளிய வந்துட்டாங்க. மேடம்தான் கடைசி. விளக்கை அணைச்சிட்டு வந்தாங்க. கையில சின்னக் கைப்பைதான். அப்புறம் நான் பூட்டிட்டேன். காலையில பாப்பா வந்துதான் திறந்தது."

*

டிசைனர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தலையில் பாதி நரை, விரல்களில் மை. வேலையைப் பற்றிக் கேட்டதும் உற்சாகமாகப் பேசினாள்.

"இவ்வளவு சுத்தமா இருக்கே, எல்லாம் அளந்து போடுவீங்களா?" என்று லோகோவின் பெரிய போஸ்டரைக் காட்டிக் கேட்டாள் இன்ஸ்பெக்டர்.

"அளந்தா சுத்தமா வராது, மேடம். ஒரே உயரத்துல ஒரு சதுரமும் ஒரு வட்டமும் போட்டுப் பாருங்க. வட்டம் சின்னதாத் தெரியும். கொஞ்சம் பெருசாப் போட்டாத்தான் ரெண்டும் சமமாத் தெரியும். இந்தக் கோடும் அப்படித்தான். வளையிற இடத்துல நிஜமா மெலிசு. பார்க்கிறப்ப ஒரே கனமாத் தெரியும். அதை மட்டும் சரி பண்ண எனக்கு நாலு மாசம் ஆச்சு."

"அந்த முதல் தாள்?"

விளக்கை அணைத்த மாதிரி அவள் முகம் மாறியது. "அது ஒரு தாள்தானே. விட்டுடுங்களேன். யார் மேலயும் கேஸ் வேணாம்."

"நீங்க விடலாம், மேனேஜர் விட மாட்டார். புகார் எழுதிக் குடுத்துட்டார். உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"இல்ல."

"உங்க பழைய பார்ட்னர் மேல?"

டிசைனர் கையிலிருந்த மையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "தெரியல," என்றாள் கடைசியில்.

பெருந்தன்மை, என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டாள். காட்டிக்கொடுக்க மனமில்லாத நல்ல மனுஷி. ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவாள் என்று ஸ்டேஷனில் அவளுக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

*

பதினொன்றரைக்கு ஸ்கேல் வரவழைக்கப்பட்டார். ஒல்லியான, நிமிர்ந்த மனிதர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஒரு குட்டி ஸ்டீல் ஸ்கேல். டிசைன் கல்லூரியில் ஆசிரியர். அடுத்த வாரம் முதல்வராகப் பொறுப்பேற்கப் போகிறார் என்பதை மேனேஜர் இன்ஸ்பெக்டரின் காதில் ஓதினார். "திருட்டுக் கேஸ்னா அதுவும் போச்சு," என்றும் சேர்த்துக்கொண்டார்.

வாசலிலேயே நின்று அவர் பேருந்துச் சுவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எதுக்கு வரச் சொன்னோம்னு தெரியுமா?"

"போன்ல சொன்னாங்க."

"இப்ப என்ன பார்க்கிறீங்க?"

"சுவரைத்தான். நேத்தைவிட இன்னைக்கு நல்லா இருக்கு."

என்ன திமிர், என்று இன்ஸ்பெக்டருக்குச் சுர்ரென்றது.

"நேத்து அந்தப் படத்துக்கு முன்னாடி ஏன் அவ்வளவு நேரம் நின்னீங்க?"

"ரொம்ப நாளாச்சு பார்த்து."

"குழாயில என்ன?"

"பசங்க வரைஞ்ச சார்ட். கல்லூரியில இருக்கு, ஆள் அனுப்பிப் பார்க்கலாம்."

"அதுக்குள்ள இன்னொரு தாள் இருந்திருந்தா இன்னேரம் வேற இடத்துக்குப் போயிருக்கும். நீங்க எடுத்தீங்களா?"

"இல்ல."

"யார் எடுத்தாங்கன்னு தெரியுமா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். டிசைனர் குனிந்திருந்தாள். அவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார், பேருந்துக்குக் காத்திருப்பவர் போல. பிறகு, "நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல," என்றார்.

வாக்குமூலத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டார். அவரை வாசல் வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்கச் சொன்னாள் இன்ஸ்பெக்டர். அன்றைய விழாவுக்கு வாழ்த்துப் பூங்கொத்துகளோடு வந்த பழைய மாணவர்கள் அவரையும், பக்கத்தில் நின்ற காவலரையும் பார்த்தார்கள். சிலர் வணங்கினார்கள். சிலர் பார்க்காதது போல் போனார்கள். அவர் முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

ஸ்டோர் ரூமைச் சோதித்தபோது இன்னொன்று கிடைத்தது. உபயோகிக்காத சட்டங்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் தூசி. ஒன்றின் கண்ணாடி மட்டும் துடைத்த மாதிரி பளபளத்தது.

"இதுதான் அது!" என்றாள் மகள். "நான்தான் துடைச்சேன். தாளை உருவிட்டு வெறும் சட்டத்தை இங்க வெச்சிருக்காங்க. சட்டம் குழாய்க்குள்ள போகாது, தாள் போகும்." அவள் குரல் உடைந்தது. "எனக்கு அளக்கக் கத்துக்குடுத்ததே அவர்தான், மேடம். அந்த மனுஷன் எனக்கு இப்படிப் பண்ணிட்டாரே."

*

பன்னிரண்டரை. இனி அழைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். அறிக்கைக்காகப் பேருந்துச் சுவரின் படம் ஒன்றைக் கிறுக்கினாள் இன்ஸ்பெக்டர். சட்டங்களின் இடைவெளியைக் குறிக்க மகளிடம் டேப்பை வாங்கி அளந்தாள்.

முதல் இடைவெளியும் இரண்டாவதும் ஒன்றாக இல்லை. மூன்றாவது இன்னும் வேறு. பொண்ணு அவசரத்தில் மாட்டியிருக்கிறாள் என்று நினைத்தாள். ஏனோ பக்கத்துச் சுவரையும் அளந்து பார்த்தாள். ஒரு நூல் பிசகில்லாமல் எல்லாம் சமம். மற்ற இரண்டு சுவர்களும் அப்படியே.

"பஸ் சுவரையும் நீங்கதானே மாட்டினீங்க?"

"எல்லாமே நான்தான். டேப் இல்லாம எனக்கு வராது."

இன்ஸ்பெக்டர் அறையின் நடுவுக்கு நடந்தாள். அளந்து மாட்டிய சுவர்களில் எங்கேயோ ஏதோ இடித்தது. சில படங்கள் ஒட்டிக்கொண்டு நிற்பது போல, சில விலகி நிற்பது போல. அளவு தப்பிய பேருந்துச் சுவர் அமைதியாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள். கருப்பு மை நிறைந்த இரண்டு படங்கள் அடுத்தடுத்து வந்த இடத்தில் இடைவெளி அதிகம். மெல்லிய பென்சில் படங்களுக்கு இடையில் குறைவு.

அப்போதுதான் காலையிலிருந்து கண்ணெதிரே நின்ற கேள்வி அவளுக்கு உறைத்தது. ஒரு திருடன் படத்தை எடுத்தால் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். இங்கே ஏன் இல்லை?

அவள் வராந்தாவைப் பார்த்தாள். நிமிர்ந்த முதுகு. பையில் ஸ்டீல் ஸ்கேல். கன்னத்தில் அறை வாங்கியது போலிருந்தது அவளுக்கு.

மேசையிலிருந்த கேட்லாகைப் புரட்டினாள். பேருந்து வேலையின் பக்கங்களில் எல்லாப் பென்சில் படங்களும் இருந்தன. நிழலுக்காக இழுத்த சின்னச் சின்னக் கோடுகள் எல்லாவற்றிலும் வலது பக்கமாகச் சாய்ந்து ஏறின. 'முதல் கோடு' படத்தில் மட்டும் அவை இடது பக்கம் சாய்ந்திருந்தன. தன் பேனாவை எடுத்து அப்படி இழுத்துப் பார்த்தாள். வலது கையில் சுளுவாக வரவில்லை. பேனாவை இடது கைக்கு மாற்றினாள். வந்தது.

*

மேனேஜரைப் போன் பேச வெளியே அனுப்பினாள். அவருக்குச் சொல்லவா வேண்டும். ஸ்கேலை உள்ளே கூப்பிட்டாள். அறையில் நான்கு பேர்தான். கதவைச் சாத்தினாள்.

"நேத்து ராத்திரி யாரும் பூட்டை உடைக்கல," என்றாள். "தாளை எடுத்த ஆள், எடுத்ததும் போயிருக்கலாம். போகல. நடுவுல விழுந்த வெற்றிடத்தைப் பார்த்துட்டுப் போக அந்த ஆளால முடியல. மத்த கொக்கிகளை ஒவ்வொண்ணா நகர்த்திச் சுவரைச் சரி பண்ணியிருக்காங்க. அது மேனேஜர் பண்ற வேலையில்ல. டிசைன் தெரிஞ்சவங்க வேலை."

"அதான் மாமா..." என்றாள் மகள்.

"அவர் பண்ணியிருந்தா எல்லா இடைவெளியும் ஒரே அளவா இருக்கும். நீங்க பண்ணியிருந்தாலும் அப்படித்தான். இது கண்ணால வெச்சது. அளந்தா தப்பு, பார்த்தா சரி. அதோட, அவர் இங்க தனியா நின்னப்ப நீங்க ஸ்டோர் ரூம்ல இருந்தீங்க. உங்களைத் தாண்டி அவர் அந்தச் சட்டத்தை எப்படி அங்க கொண்டுபோய் வைப்பார்? நீங்க கார் எடுக்கப் போனப்பறம் இங்க இருந்தது ஒருத்தர்தான்."

மகள் மெல்லத் திரும்பினாள்.

டிசைனர் எழுந்து நின்றாள். லோகோவின் பெரிய போஸ்டரிடம் போனாள். அதைச் சுவரிலிருந்து விலக்கி, பின்பக்க அட்டையின் இடுக்கிலிருந்து பழுப்பேறிய தாளை வெளியே எடுத்தாள். மேசைமேல் வைத்தாள். வைத்த கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றாள்.

"உங்க படத்தை நீங்களே எதுக்கும்மா..." மகளுக்குப் புரியவில்லை.

"அவங்க படம் இல்ல," என்றாள் இன்ஸ்பெக்டர் தணிந்த குரலில். "இதை வரைஞ்சது இடது கை."

வெளியே மேனேஜர் யாரிடமோ "எல்லாம் கண்ட்ரோல்ல இருக்கு சார்" என்று சொல்வது கேட்டது.

"இவன் வரைஞ்சு என் மேசைல வெச்சிட்டுப் போனான்," என்றாள் டிசைனர். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "இவன் மனைவிக்கு உடம்பு முடியாம ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தான். நான் இதை வெச்சு வேலை பண்ணினேன். வேலை பண்ணினது பொய் இல்ல. மீட்டிங்ல, யார் வரைஞ்சதுன்னு கேட்டாங்க. நாங்கன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நான்னு வந்துடுச்சு. அடுத்த நாள் பேப்பர்ல போட்டுட்டாங்க. இவன் திரும்பி வந்தப்ப, கேப்பான், கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். இவன் கேக்கல."

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்," என்றார் ஸ்கேல்.

"சாயங்காலம் இந்தத் தாளுக்குப் பக்கத்துல நின்னு, முதல் கோடு எப்படி வந்துச்சுன்னு நான் பேசணும். எத்தனையோ தடவை பேசியாச்சு. தாளையும் வெச்சுக்கிட்டு, இவனையும் முன்னாடி வெச்சுக்கிட்டு எப்படிப் பேசறது? காலையில இவகிட்ட நானே எடுத்துட்டேன்னு சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள போலீஸ்னாங்க. அப்புறம் இவன் பேர் வந்துச்சு. அப்பவும் வாய் வரல." அவள் நிறுத்தினாள். "ரெண்டாவது தடவை."

ஸ்கேல் சுவரைப் பார்த்தார். "உள்ள நுழைஞ்சதுமே தெரியும். இந்தச் சுவரை வேற யார் இப்படி மாட்டுவா, கண்ணளவு?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல நீ? ஜெயிலுக்கே போயிருப்பே."

"இந்தத் தடவையாவது சொல்றியான்னு பார்த்தேன்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் டிசைனர் அவரை நிமிர்ந்து பார்த்திருப்பாள்.

மகள் இன்னும் அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதன் ஓரங்கள் வியர்வையில் ஊறி மடங்கியிருந்தன.

"அப்ப நூல்?" என்று கேட்டாள். மூன்று வயதுக் குரல் போலிருந்தது. "என் நூல் கதை?"

"நூல் நிஜம்தான்மா. நீ ஆபீஸ் தரையில உக்காந்து விளையாடினதும் நிஜம்." டிசைனர் முதல் முறையாக மகளைப் பார்த்தாள். "உன் பக்கத்துல உக்காந்திருந்தது நான் இல்ல. நான் ஒரு மீட்டிங்ல இருந்தேன். மாமாதான் உன்னைப் பார்த்துக்கிட்டாரு."

மகள் ஸ்கேலிடம் போக ஓர் அடி எடுத்துவைத்தாள். காலையிலிருந்து தான் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது போல நின்றுவிட்டாள்.

"போ, டேப்பை எடுத்துட்டு வா," என்றார் அவர். "சட்டத்தைத் திரும்ப மாட்ட வேணாமா? எல்லாத்தையும் நகர்த்தணும்."

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கிளம்புமுன் அவர் முன்னால் நின்றாள். "சார், உங்களை அங்க வாசல்ல உக்கார வெச்சது..." இத்தனை வருட வேலையில் அந்த வாக்கியத்தை முடித்துப் பழக்கமில்லை அவளுக்கு. "மன்னிச்சிடுங்க," என்றாள், அடுத்தவர் மொழியைப் பேசுவது போல.

"நாற்காலி கொஞ்சம் ஆடுச்சு," என்றார் அவர். "மத்தபடி சரிதான்."

*

மாலை ஆறு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. சீருடையில்லாமல் வந்த இன்ஸ்பெக்டர் பின்வரிசையில் நின்றாள். 'முதல் கோடு' சுவரின் நடுவில் மறுபடியும் தொங்கியது. அதன் கீழே பெயரட்டை இல்லை. என்ன எழுதுவது என்று மகள் கேட்டபோது, "நீ பேசி முடிச்சப்பறம் எழுதிக்கலாம்," என்று ஸ்கேல் டிசைனரிடம் சொல்லியிருந்தார். இப்போது அவர் முன்வரிசையில், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வரிசை தள்ளி, காலையில் அவரைப் பார்க்காதது போல் போன மாணவர்கள்.

சேர்மன் மைக்கை டிசைனரிடம் நீட்டினார். "இந்தக் கோடு எப்படிப் பிறந்ததுன்னு உங்க வாயால கேக்கணும், மேடம். எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், இருந்தாலும்..."

எல்லோரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள்.

டிசைனர் மைக்கை வாங்கினாள். ஒலிபெருக்கி கரகரத்தது. மேனேஜர் ஓடி வரப் பார்த்தார். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

"என் குழந்தை கையில ஒரு நூல் இருந்தது," என்று ஆரம்பித்தாள், எப்போதும் ஆரம்பிப்பது போல.

அடுத்த வாக்கியத்துக்கு நேரம் பிடித்தது. மகள் தலையைக் குனியவில்லை. யாரோ இருமினார்கள்.

"பக்கத்துல நான் இல்ல," என்றாள்.